மேமோகிராம் எடுக்க ஆரம்பிச்சா புற்றுநோய் எண்ணிக்கை கூடுமா? சென்னை, மும்பை சொல்லும் பாடம் என்ன?

அக்டோபர் வந்தாலே பிங்க் ரிப்பன் போஸ்டர்களும் மேமோகிராம் முகாம் அறிவிப்புகளும் வந்துவிடும். தாம்பரத்திலிருந்து பொத்தேரி வரை ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் போய் வரும் பெண்களுக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்புதான். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே, நானும் எடுத்துக்கணுமா? எல்லாரும் எடுத்தால் ஊரில் இந்த நோய் குறைஞ்சிடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்கிரீனிங் என்றால் என்ன?

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. கட்டி இருப்பவருக்கு எடுத்தால் அது நோயைக் கண்டறியும் பரிசோதனை. எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் எடுப்பதுதான் ஸ்கிரீனிங். கைக்குத் தட்டுப்படாத சிறிய மாற்றம்கூட இதில் தெரிய வாய்ப்பு உண்டு.

எண்ணிக்கை ஏன் கூடுகிறது?

சில வருடம் கழித்துத் தெரிய வேண்டிய நோய் இன்றைக்கே தெரிந்துவிடுவதால், ஆரம்பகட்ட நோயாளிகளின் எண்ணிக்கை முதலில் உயரும். அதே அளவுக்கு, முற்றிய நிலையில் வருபவர்கள் பிறகு குறையணும் இல்லையா? அமெரிக்காவில் அப்படி நடக்கவில்லை. 2012-ல் வெளியான ஆய்வின்படி, 30 ஆண்டுகளில் அங்கே ஆரம்பகட்ட நோய் 1 லட்சம் பெண்களுக்கு 112-லிருந்து 234 ஆக உயர்ந்தது. முற்றிய நோயோ 102-லிருந்து 94 ஆக மட்டுமே குறைந்தது.

இதற்கு ஒரு முக்கியக் காரணம், கண்டுபிடிக்கப்பட்ட சில கட்டிகள் கடைசி வரை தொந்தரவே தராதவை. ஆனால் எது ஆபத்தானது, எது சும்மா இருக்கும் என்று முன்கூட்டியே பிரிக்க முடியாததால் எல்லாருக்கும் சிகிச்சை நடக்கிறது. பிரிட்டனில் 2012-ல் ஒரு நிபுணர் குழு போட்ட கணக்கு இது: 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை 20 ஆண்டுகள் ஸ்கிரீனிங்குக்கு அழைத்தால் 43 மரணங்கள் தடுக்கப்படும், 129 பேர் தேவையில்லாத சிகிச்சைக்கு ஆளாவார்கள். பலன் நிஜம், அதற்குக் கொடுக்கும் விலையும் நிஜம்.

சென்னையில் நிலைமை வேறு

அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரிக்கிறது. அப்போது பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். இப்போது அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய். எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் எடுக்கும் திட்டம் இங்கே கிடையாது. அதனால் இந்த உயர்வை ஸ்கிரீனிங் மேல் போட முடியாது. தாமதமான பிரசவம், குறைவான குழந்தைகள், உடல் பருமன், கூடும் ஆயுள் எல்லாம் சேர்ந்த மாற்றம் இது. நம்ம ஊர்ப் பிரச்சினை, பலர் கட்டி பெரிதான பிறகே மருத்துவமனைக்கு வருவது.

மும்பை தந்த பதில்

டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் 1,51,538 பெண்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. மேமோகிராம் இல்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் 2 வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். 2021-ல் முடிவு வெளியானது. பரிசோதனை செய்யப்படாத பெண்களில் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் 47%, செய்யப்பட்டவர்களில் 37%. 50 வயதைத் தாண்டியவர்களிடம் மரணம் ஏறக்குறைய 30% குறைந்தது. அதைவிட இளையவர்களிடம் மரணம் குறையவில்லை.

அப்போ நாம என்ன செய்யணும்?

* அரசுத் திட்டப்படி 30 வயது தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30-49 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 6 பேர்தான் ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள்.
* அம்மா, அக்கா, தங்கைக்கு இந்த நோய் இருந்திருந்தால், மேமோகிராம் எந்த வயதில் தொடங்குவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
* இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துவிடலாம். போன வருஷம் ரிப்போர்ட் நார்மல்தானே என்று புதுக் கட்டியை விட்டுவிடாதீர்கள்.
* கட்டி, தோலில் குழி, காம்பிலிருந்து ரத்தக் கசிவு தெரிந்தால் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

"வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் இங்கே பலரும் சொல்லும் காரணம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.