இரு தபால்தலைகள்

பாராடாங் தீவைச் சேற்று எரிமலைக்காகவும் சுண்ணாம்புக் குகைகளுக்காகவும் அறிந்தோர் பலர். அதனை மத்திய அந்தமானுடன் இணைக்கும் பாலத்தின் பெயரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஹம்ப்ரி நீரிணையின்மீது நிற்கும் அப்பாலம் ‘ஆசாத் இந்து பௌஜ்’ என்னும் இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. ஜப்பானியரின் துணையோடு போரிட்ட படை அது. ஆகவே அப்பெயர், இத்தீவுகள் ஜப்பானியர் வசமிருந்த காலத்தையும் நமக்கு நினைவூட்டுகிறது. அக்காலத்திற்கும் நம் காலத்திற்கும் இடையிலுள்ள தொலைவை இரு தபால்தலைகளைக் கொண்டு அளந்து பார்ப்போம்.

1942 மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியப் படை அந்தமானில் இறங்கியது. புதிய ஆட்சியாளர், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த இந்தியத் தபால்தலைகளின்மீதே பெரிய எண்களில் வேறு விலையை அச்சிட்டு வழங்கினர். ஒருவர் முகத்தின்மேல் மற்றொருவர் ஆணை. தீவு மக்களுக்கோ இரண்டிலும் இடமில்லை. ஒற்றர் என்ற ஐயத்தால் பலர் வதைக்கப்பட்டனர். மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் காலேபானி 1944 ஜனவரியில் சிற்றறைச் சிறையில் உயிர் துறந்தார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1945 அக்டோபரில்தான் அவ்வாட்சி முற்றுப்பெற்றது.

இத்துணைத் துன்பத்திற்குப் பின்னும் பாரதம் பழிவாங்க எண்ணவில்லை. 1951-இல் நடந்த சான்பிரான்சிஸ்கோ மாநாட்டிற்கு நம் நாடு செல்லவில்லை. 1952 ஏப்ரலில் தூதரக உறவு தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூன் 9-ஆம் நாள் ஜப்பானுடன் தனி அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதில் போர் இழப்பீட்டுக் கோரிக்கை அனைத்தையும் இந்தியா கைவிட்டது.

அவ்வுறவின் பொன்விழாவை ஒட்டி, 2002-இல் இந்திய அஞ்சல் துறை நினைவுத் தபால்தலை வெளியிட்டது. கதகளி நடிகரையும் கபுகி நடிகரையும் அதில் அருகருகே காண்கிறோம். வண்ணந்தீட்டிய இரு முகங்கள். ஒன்றின்மேல் மற்றொன்று அச்சிடப்படவில்லை.

நினைவுத் தபால்தலை நட்பைப் போற்றவே பிறப்பது. பட்ட புண்ணைச் சொல்லும் கடமை அதற்கில்லை. அக்கடமை நம்முடையது. இழப்பீட்டை விட்டுக்கொடுத்தவர் நாட்டை ஆண்டோர். இழந்தவரோ தீவு மக்கள். ஆதலின், தபால்தலை சேர்க்கும் இளைஞர் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் ஒட்டி வைப்பாராக. முன்னதை மறைத்தால் பின்னதன் அருமை விளங்காது.