உயர்தரப் பௌதிகவியல் பரீட்சை

இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் மும்மொழியிலும் நடத்தும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் ஒரு பாடம். கண்டி மாவட்டத்துச் சிற்றூரான தெல்தோட்டையின் மாணவரும் கொழும்பு மாணவரும் ஒரே வினாக்களுக்கே விடை எழுதுகின்றனர்.

முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், நேரம் 2 மணித்தியாலம். 3 மணித்தியால இரண்டாம் பத்திரத்தில் 4 அமைப்புக் கட்டுரை வினாக்களும், 6 கட்டுரை வினாக்களும் உண்டு. கட்டுரையில் நான்கை எழுதினால் போதும்.

மனப்பாடம் இங்கே அதிக தூரம் கைகொடுக்காது. நிலைக்குத்தாக எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் ஆர்முடுகல் என்ன? வேகம் பூச்சியம், ஆகவே ஆர்முடுகலும் பூச்சியம் என்று எழுதத் தோன்றும். ஆனால் புவியீர்ப்பு அக்கணத்திலும் விடுவதில்லை. விடை கீழ்நோக்கி ஏறத்தாழ 10 மீற்றர்/செக்கன்². இத்தகைய பிழையான எண்ணங்களைக் கண்டறியவே அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டினஸ் குழுவினர் 1992இல் விசை பற்றிய பல்தேர்வுச் சோதனையொன்றை வெளியிட்டனர். அதில் கணக்கிடுவதற்கு எதுவுமே இல்லை.

அமைப்புக் கட்டுரை ஆய்வுகூட அனுபவத்தைத் தேடுகிறது. நுண்மானித் திருகுக் கணிச்சியின் தாடைகளை மூடும்போது பூச்சியங்கள் பொருந்துகின்றனவா? கம்பியின் விட்டத்தை ஏன் பல இடங்களில் அளக்க வேண்டும்? கருவியைக் கையாண்டவருக்கு இவை எளியவை. படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைக்குப் புள்ளிகள் பறிபோகின்றன. இது அந்தப் பிள்ளையின் குற்றமன்று.

இத்தகைய ஏற்றத்தாழ்வை ஈடுசெய்யப் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. ஆனால் தெல்தோட்டை கண்டி மாவட்டத்துக்குள் வருவதால், அதன் மாணவர் கண்டி நகரின் பெரிய பாடசாலைகளோடுதான் போட்டியிட வேண்டியுள்ளது.