பால் மறக்கடிக்கும் நாளும் குட்டிக் கழிச்சலும்

பால் மறக்கடித்த கையோடு பன்றிக்குட்டிகளுக்கு வரும் கழிச்சலைக் கிருமியின் தலையில் கட்டிவிடுவது வழக்கம். பழியில் பெரும்பங்கு நாள்கணக்குக்குப் போகவேண்டும் என்பது என் கட்சி. தன்போக்கில் திரியும் தாய்ப்பன்றி மூன்று, நான்கு மாதம் வரை பாலைக் கொஞ்சங்கொஞ்சமாகவே குறைக்கும். இந்தியப் பண்ணைகளில் வெள்ளைப் பன்றி பெருகியபோது 56 நாள் என்பது வழக்கமாயிற்று; மேலைநாட்டுத் தொழிற்பண்ணைகளில் அது 28, 21 என்று இறங்கியது. சினைக்காலம் 114 நாள். 56 நாள் பாலூட்டினால் ஆண்டுக்கு இரண்டு ஈற்று, 28 நாளில் பிரித்தால் ஏறக்குறைய இரண்டரை. அந்த அரை ஈற்றுக்கு விலை கொடுப்பது குட்டியின் குடல்.

ஈ.கோலை என்ற குடற்கிருமி இல்லாமல் இந்தக் கழிச்சல் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கிருமி நோயில்லாத குட்டியின் குடலிலும் இருக்கிறது. தாய்ப்பாலோடு வந்த எதிர்ப்புப் பொருள் ஒரே நாளில் நிற்கிறது. தீவனத்தைச் செரிக்கும் அளவுக்கு இரைப்பையில் அமிலம் ஊறுவதில்லை. கிருமி சிறுகுடல் சுவரில் ஒட்டி நஞ்சைக் கக்க, உடம்பின் நீரெல்லாம் கழிச்சலாக வெளியேறுகிறது. வால் நனைந்து, கண் குழிந்து, ஓரிரு நாளில் குட்டி சாகும். ஒட்டுவதற்கான பிடிமானம் பிறவியிலேயே இல்லாத குட்டிகளும் உண்டு. அவை அதே கொட்டகையில், அதே கிருமிக்கு நடுவே தப்பிவிடுகின்றன.

மருந்து இருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலக்கும் ஆன்டிபயாட்டிக்கை 1986-இல் சுவீடன் தடை செய்ததும் அங்கே குட்டிக் கழிச்சல் கூடியது. அதுவரை நோயை மூடி வைத்திருந்தது எது என்பது அப்போது தெரிந்தது. பிறகு ஐரோப்பா துத்தநாக ஆக்சைடை நம்பியது. மண்ணில் சேர்கிறது என்பதால், மருந்தளவில் அதைக் கலப்பதும் 2022 ஜூனில் நின்றது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியா 2019-இல் தடை விதித்தது. ஒவ்வொரு மருந்தும் நாள்கணக்கைத் தொடாமல் காலத்தை ஓட்டியது, அவ்வளவுதான். சுவீடன் பண்ணைகள் பலவும் ஐந்து, ஆறு வாரம் பாலூட்டவும், தடிமனாக வைக்கோல் பரப்பவும் திரும்பின.

தாமதித்தால் தாய் மெலியும், வருமானம் குறையும் என்பது உண்மை. ஆனால் கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில் கொட்டகை போடுகிறவர் குளிரையும் கணக்கில் சேர்க்கவேண்டும். பால் மறந்த குட்டிக்கு 28 டிகிரி அளவில் கதகதப்பு வேண்டும். மார்கழி இரவில் மலையில் வெப்பம் பத்துக்கும் கீழே இறங்கும். அங்கே நான்கு வாரத்தில் பிரிப்பவர், அரை ஈற்று லாபத்தைக் கூட்டும்போது விளக்குச் செலவையும் வைக்கோல் செலவையும் செத்த குட்டிகளையும் கழித்தே பார்க்கவேண்டும்.