துளை போடாத கம்பம்

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ கட்டட வேலைப் பதிவுன்னு நினைச்சு ஓடிடாதீங்க. போல் டான்ஸ் கம்பத்தோட கதை இது. "ஆகா, பய கெட்டுப் போயிட்டான்"னு முடிவு பண்ணினவங்களும் கொஞ்சம் பொறுங்க. ஒரு இரும்புக் குழாய் மதுக்கூட மேடையிலிருந்து கிளம்பி, வாடகை வீட்டு ஹாலுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதில் ஒரு சரித்திரம் இருக்கு. நாலு வருஷம் அரியர் வைக்காம மெக்கானிக்கல் படிச்சவனுக்கு அதுல எழுத விஷயமும் இருக்கு.

கம்பத்தில் ஏறி வித்தை காட்டுவது நமக்கொன்றும் புதுசில்லை. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் தொகுத்த மானசோல்லாசத்தில் மல்லர்களின் கம்பப் பயிற்சி பற்றி வருகிறது. மாமல்லனுக்கும் மல்லர் கம்பத்துக்கும் முடிச்சுப் போடுறவங்களும் உண்டு. பிறகு ரொம்ப காலம் பெரிய சத்தமில்லை. இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவாக இருந்த காலத்தில் (1796-1818) பாலம்பட்ட தாதா தேவதர் என்ற மல்யுத்த ஆசான் இதைத் தூசி தட்டி எடுத்தார் என்பது மராட்டியர்கள் சொல்லும் வரலாறு. தேக்கு மாதிரி உறுதியான மரம். தரைக்கு மேலே எட்டரை அடி. கீழே பருத்து, மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் ஒரு குமிழ். விளக்கெண்ணெய் பூசுவார்கள். ஏறுகிறவர் உடம்பில் ஒரு லங்கோடு, அவ்வளவுதான்.

அந்த லங்கோட்டைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

சீன சர்க்கஸிலும் கம்பம் உண்டு. மூணு மீட்டர், ஆறு மீட்டர், அதுக்கும் மேலேன்னு நெடுநெடுன்னு நிற்கும். அதுக்கு ரப்பர் உறை. ஏறுகிறவர்கள் முழுக்கால் சட்டை, முழுக்கை சட்டை, காலில் ஷூ எல்லாம் போட்டிருப்பார்கள். ரப்பரில் துணி நன்றாகப் பிடிக்கும். வெறும் தோல் பட்டால் உரிந்துவிடும். பளபளப்பான குரோமியம் பூசின குழாயில் கதை தலைகீழ். அங்கே துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். தொடையின் உள்பக்கம், முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, இதெல்லாம்தான் பிரேக் ஷூ. போல் டான்ஸ் ஆடுகிறவர்கள் குட்டை உடை போடுவதற்கு இந்த உராய்வுக் கணக்கு ஒரு காரணம். மதுக்கூடத்தில் அதற்கு வேறு காரணமும் இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் அகாடாவில் லங்கோடு கட்டினவரை ஆபாசம் என்று யாரும் சொன்னதில்லை பாருங்க.

இன்னொரு வேடிக்கை. மல்லர் கம்பப் போட்டிகளில் நட்ட கம்பம் ஆண்களுக்கு, பெண்களுக்குக் கயிறு என்றுதான் நெடுங்காலம் இருந்தது. பெண்களுக்கும் கம்பம் என்பது பின்னால் வந்ததுதான். அமெரிக்காவில் கம்பம் என்றாலே பெண், சுற்றி உட்கார்ந்து பார்க்கிறவன் ஆண்.

அமெரிக்கக் கதையை 1893 சிகாகோ உலகக் கண்காட்சியிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். நம்ம விவேகானந்தர் போன அதே வருஷம், அதே ஊர். கண்காட்சியின் கேளிக்கைப் பகுதியில் அரபு நாட்டு இடுப்பாட்டம் சக்கைப்போடு போட்டது. அதைப் பார்த்துக் கிளம்பிய கூடாரக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. கூடாரத்தின் நடுக்கம்பத்தைப் பிடித்து ஆடியதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நல்லா இருக்கு, நான் முழுசா நம்பத் தயாரில்லை. 1980-கள் வாக்கில் கனடா, அமெரிக்காவின் ஆடை அவிழ்ப்பு மதுக்கூடங்களில் கம்பம் சாதாரணமாகிவிட்டது என்பது மட்டும் உறுதி.

அங்கிருந்து வீட்டுக்கு வந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கனடாவைச் சேர்ந்த ஃபானியா மண்டே அந்த மேடைகளில் ஆடியவர். 1990-களில் அவர் சாதாரணப் பெண்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார், வீட்டில் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள வீடியோவும் கொண்டுவந்தார். ஹாலிவுட் நடிகை ஷீலா கெல்லி, 2000-இல் வந்த ஒரு படத்தில் மதுக்கூட ஆட்டக்காரியாக நடிப்பதற்காகக் கற்றுக்கொண்டதை விடமுடியாமல், லாஸ் ஏஞ்சலிஸில் 'எஸ் ஃபேக்டர்' என்று பெண்களுக்கான பள்ளியே ஆரம்பித்துவிட்டார். ரெண்டு பேரும் செய்த முக்கியமான காரியம் ஒண்ணுதான். எதிரே உட்கார்ந்து காசு வீசுகிறவனை அறையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். கம்பம் அதே கம்பம்தான்.

ஆனா வகுப்பு முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்க எதுல ஏறிப் பழகுறது? மதுக்கூடத்துக் கம்பத்தைத் தரையிலும் உத்தரத்திலும் போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். வாடகை வீட்டில் அது நடக்குமா? நம்ம ஊர் ஹவுஸ் ஓனர் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே விடமாட்டார்.

2000-களில் பிரிட்டனின் எக்ஸ்-போல் போன்ற கம்பெனிகள் பரவலாக்கியது துளையே போடாத கம்பம். துண்டு துண்டாக வரும். ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிறுத்தி, அடியில் இருக்கும் திருகை ஸ்பேனரால் சுற்றினால் கம்பம் நீளும். தரைக்கும் கூரைக்கும் நடுவே இறுகி நின்றுவிடும். வேறொன்றும் இல்லை, லாரி டயர் மாற்றும் ஸ்க்ரூ ஜாக்தான். மேலே ஒரு அகலமான வட்டத் தட்டு, அழுத்தத்தைப் பரப்புவதற்கு.

இதோட கணக்கு கொஞ்சம் சூட்சுமம். கம்பத்தில் தொங்குகிறவரின் எடை முழுக்கத் தரைக்கு இறங்குவதில்லை. ஒரு பங்கு கீழ்முனை அழுத்தத்தைக் கூட்டும், மீதி மேல்முனை அழுத்தத்தைக் குறைக்கும். தரையும் கூரையும் அசையாது என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ ஆள் பாதி உயரத்தில் தொங்கும்போது மேல்முனை 30 கிலோ அழுத்தத்தை இழக்கும். உச்சிக்குப் பக்கத்தில் போனால் கிட்டத்தட்ட 60-ம் போய்விடும். அதாவது ஏற ஏறப் பிடி தளரும், விழுந்தா அடி அதிகமா படுற உயரத்திலதான் பிடி குறைச்சல்! சுழலும்போது பக்கவாட்டு இழுப்பு வேறு. அதனால்தான் "கையால் ஆட்டிப் பார்த்தேன், கெட்டியா நிக்குது" என்பது போதாது. ரொம்ப இறுக்கினால் கம்பம் வளைந்துவிடுமோ என்றால், 18-ஆம் நூற்றாண்டு ஆய்லர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 2.6 மீட்டர் உயரம், 45 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுக் குழாய், இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக இருந்தால், வளைய 1.8 டன் வரைக்கும் வேண்டும். அதுக்குள்ள உங்க கூரை கையெடுத்துக் கும்பிட்டுடும்.

மேலை நாட்டு வீடுகளில் கூரை அட்டைக்குப் பின்னால் மரச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து, அதன் நேர்கீழே நிறுத்த வேண்டும். நம்ம கான்கிரீட் தளம் இந்த விஷயத்தில் தேவலை. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

இதெல்லாம் எனக்கெதுக்குன்னு கேப்பீங்க. கூட ஆணி பிடுங்குற தோழி ஒருத்தி ஃப்ளாட்டில் கம்பம் வாங்கிப் போட்டிருக்கிறாள். "மெக்கானிக்கல்தானே, வந்து பார்த்துச் சொல்லு" என்றாள். ரசமட்டத்தோடு போனேன். நேராகத்தான் நிறுத்தியிருந்தாள், நான் திருகை முக்கால் சுற்று இறுக்கினதோடு சரி. அவள் அதை வாங்கியதற்குச் சொன்ன காரணம்தான் யோசிக்க வைத்தது. ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது பத்து நிமிஷத்தில் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாமாம். சுவற்றில் தழும்பு இருக்காது, கேள்வியும் வராது. துளை போடாத கம்பம் ஹவுஸ் ஓனருக்காக மட்டும் கண்டுபிடிச்சதுன்னு நான் நினைச்சிருந்தேன்.

அந்தப் பயம் வெள்ளைக்காரனுக்கு மட்டும் இல்லையா என்ன? 2006 அக்டோபரில் பிரிட்டனின் டெஸ்கோ தன் இணையக் கடையில் ஒரு போல் டான்ஸ் பெட்டியை விற்றது. கம்பம், தொடையில் மாட்டும் பட்டி, சொருகிக்கொள்ள விளையாட்டு டாலர் நோட்டு. வைத்திருந்த இடம் பொம்மைகள் பிரிவு! பெற்றோர்கள் கொதித்துப் போனார்கள். இது பெரியவர்களுக்கான உடற்பயிற்சிச் சாதனம் என்று சொல்லி, பொம்மைப் பிரிவிலிருந்து மட்டும் தூக்கினார்கள். உடற்பயிற்சின்னா அந்த டாலர் நோட்டு எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கம்பங்கள் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு இஞ்ச் குழாய். போட்டிகள் வந்தபின் 45 வழக்கமாகிவிட்டது. உள்ளங்கை சின்னதாக இருந்தால் 40-உம் கிடைக்கிறது. மெலிந்த கம்பத்தைக் கை முழுசாக வளைத்துப் பிடிக்கும், தடித்தது தொடைக்கு வசதி. பித்தளை நல்ல பிடி, ஆனால் கறுத்துப்போகும், நம்ம குத்துவிளக்கு மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கணும். வியர்க்கிற ஊருக்கு எஃகைவிடப் பித்தளைதான் சரி என்பது தோழியின் கட்சி. ஆரம்பிக்கிறவங்க சுழலாத நிலையிலேயே வச்சுப் பழகுறது நல்லது. ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இறுக்கத்தைச் சரிபாருங்க.

2017-இல் சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்புக்கு, உலக விளையாட்டு அமைப்புகளின் தாய்ச் சங்கம் பார்வையாளர் தகுதி கொடுத்தது. பத்திரிகைகள் அடுத்து ஒலிம்பிக்தான் என்று எழுதித் தள்ளின. சில வருஷத்தில் அந்தத் தாய்ச் சங்கமே கலைக்கப்பட்டுவிட்டது. 2019 பிப்ரவரியில் மும்பையில் மல்லர் கம்பத்துக்கு முதல் உலகப் போட்டி நடந்தது, வெளிநாட்டுக்காரர்களும் வந்து மரத்தில் ஏறினார்கள். நம்ம விழுப்புரத்துப் பிள்ளைகள் தேசியப் போட்டிகளுக்குப் போய் வருகிறார்கள்.

மல்லர் கம்பம் பழகினவங்க யாராவது படிச்சா, அந்த விளக்கெண்ணெயை எப்போ, எவ்வளவு பூசுவீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. தோழி கம்பத்துல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு எண்ணெய் இருக்கக்கூடாதுன்னு ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறாள்.