அயலவர் குரல்

வங்காள விரிகுடாவிலே சூறாவளி தோன்றுவது புதுமையன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலங்கையின் வடபகுதியைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த புயலையும், 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலையும் அறிந்தோர், அக்கடலின் சீற்றத்தையும் அறிவர். ஆயின், அவ்விரிகுடாவின் வடகோடியில், கங்கையும் பிரமபுத்திராவும் கடலோடு கலக்கும் தாழ்நிலத்தில், 1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி இரவு நேர்ந்த அழிவுக்கு ஒப்பானது வரலாற்றில் அரிது. அன்று கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட அந்நாட்டின் போலாத் தீவிலும் சுற்றுப்புறங்களிலும் கடல் மலைபோல் எழுந்து புகுந்தது. குறைந்தது 3 இலட்சம் மக்கள் மாண்டனர்.

புயல் வருவதை அம்மக்கள் அறியாதிருந்தனரோ? அறிந்தேயிருந்தனர். பத்துப் பேரில் ஒன்பது பேர் முன்னரே செய்தியைக் கேட்டிருந்தனர் என்பதும், உறுதியான கட்டடங்களை நாடியோர் நூற்றுக்கு ஒருவர் மட்டுமே என்பதும் பின்னர் நடந்த ஆய்வினால் வெளிப்பட்டன. தொலைவிலிருந்து வந்த எச்சரிக்கை, எப்பொழுது புறப்படுவது, எங்கே செல்வது என்பதைத் தெளிவாக உணர்த்தவில்லை. செல்வதற்கு உயர்ந்த இடங்களும் அரிதாகவே இருந்தன.

இக்குறையைப் போக்கவே, வங்காள தேசம் தனிநாடான பின், 1972ஆம் ஆண்டில் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் சூறாவளி ஆயத்தத் திட்டம் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டில் அரசாங்கமும் அதிற் பங்கேற்றது. கிராமந்தோறும் அவ்வூரவரே தொண்டர்களாயினர். அவர்கள் வானொலியிற் செய்தி கேட்டு, கொடியேற்றி, கையாற் சுழற்றும் அபாயச் சங்கை ஒலித்து, ஒலிபெருக்கியுடன் வீதிவீதியாகச் செல்வர். ஆபத்து மிகுமாயின் மூன்று கொடிகள் பறக்கும். எச்சரித்தல், புகலிடம் சேர்த்தல், மீட்டல், முதலுதவி, நிவாரணம் எனப் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. மாடு கன்றுகளை விட்டுப் பிரிய மனமில்லாதோர்க்காக மண்மேடுகளும் எழுப்பப்பட்டன.

எனினும், 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆந் திகதி வந்த புயல் ஏறத்தாழ 138,000 உயிர்களைக் கொண்டது. புகலிடங்கள் போதாமையே ஒரு காரணம். இறந்தோருள் ஆடவரினும் பெண்டிரே மிகுதி. வீட்டுத் தலைவரின் சொல்லுக்காகக் காத்திருந்தோரும், குழந்தைகளைச் சுமந்து விரைந்தோட இயலாதோரும் பலர். ஆடவர் கூடும் இடத்தில் உரைத்த எச்சரிக்கை அடுப்படியை எட்டவில்லை என்பதே இதனாற் பெற்ற பாடம். பிற்காலத்தில் பெண்டிரும் பெருந்தொகையிற் சேர்க்கப்பட்டனர். இன்று எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களில் ஏறத்தாழச் சரிபாதியினர் பெண்களே.

2007ஆம் ஆண்டு நவம்பரில் கடும் சூறாவளி மீண்டும் தாக்கியது. அப்பொழுது இறந்தோர் தொகை 3,400ஐ அண்மியது. அதுவும் பெருந்துயரே, ஆயினும் இலட்சங்கள் ஆயிரங்களாகக் குறைந்தன. வானிலை அறிவும் புகலிடங்களும் இதற்குப் பெரிதும் உதவின. எனினும், வானொலி கொணர்ந்த செய்தியைக் கதவைத் தட்டி உரைத்து, தள்ளாத முதியோரைக் கைபிடித்து அழைத்துச் சென்றவர் அடுத்த வீட்டாரேயாவர்.