பித்தநீரில் பிறந்து கண்ணுக்கு வந்த மருந்து

ஸ்டீராய்டு மாத்திரை என்றால் ஆஸ்துமாவும் மூட்டுவாதமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். முதியவர்களின் பார்வையைக் காப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்களைத் தாக்கும் நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சியில் இரத்தக் குழாயின் சுவர் வீங்கித் தடித்து வழியை அடைக்கிறது. பார்வை நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் அப்படி அடைபட்டால் நரம்பு பட்டுப்போய், கண் திடீரென்று இருண்டுவிடும். சிகிச்சை தாமதமானால் சில நாட்களிலோ வாரங்களிலோ அடுத்த கண்ணும் போகலாம்.

சுமார் 1000-ஆம் ஆண்டில் பாக்தாத்தில் கண் மருத்துவ நூல் எழுதிய அலி இப்னு ஈசாவுக்கே இந்த ஆபத்து தெரிந்திருக்கிறது. நெற்றிப்பொட்டுத் தசை சூடேறி வீங்கும் நோய் பார்வை இழப்பில் முடியலாம் என்று எச்சரித்த அவர், அங்கே ஓடும் தமனியை வெட்டிவிடச் சொன்னார். இன்றைய மருத்துவர்களும் அதே இடத்தில்தான் கத்தி வைக்கிறார்கள், ஒரு துண்டு எடுத்து நோயை உறுதிசெய்ய.

1890-இல் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன், தலையில் சிவந்து புடைத்த கோடுகளால் தொப்பி போட முடியாமல் தவித்த ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். 1932-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேயர்ட் ஹார்ட்டனும் சகாக்களும் தமனியை எடுத்துச் சோதித்து நோயைத் தெளிவாக விவரித்தார்கள். மருந்துதான் இல்லை. அதே மேயோவில் வேறு இருவர், கண்ணை நினைக்காமலே அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் காமாலை வந்த ஒரு மூட்டுவாத நோயாளிக்கு வலி மறைந்ததை 1929-இல் கவனித்தவர் ஃபிலிப் ஹென்ச். உடம்பே ஏதோ மருந்தைச் சுரக்கிறது என்று அவர் ஊகித்தார். எட்வர்ட் கெண்டல் மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்து பொருட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைனுக்கும் அதே வேலை. இரண்டாம் உலகப் போர் வந்ததும், ஜெர்மன் விமானிகள் அட்ரினல் சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டு மிக உயரத்தில் பறக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அமெரிக்கா பதறிப்போய் ஆராய்ச்சியை முடுக்கிவிட்டது. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் 1944-இல் மாட்டுப் பித்தநீரிலிருந்து, அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டுகளில் ஒன்றான கார்ட்டிசோனைச் செய்தார். 1948 செப்டம்பரில் ஹென்ச் குழுவினர் அதைப் போட்ட முதல் நோயாளி, எழுந்து நடமாடவே முடியாதிருந்த 29 வயதுப் பெண். ஒரு வாரத்தில் அவர் கடைத்தெருவுக்குப் போய்வந்தார்! 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பித்தநீரை நம்பி ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க முடியுமா? விடை மெக்சிகோவில் மண்ணுக்கடியில் கிடந்தது. ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர், தாவரவியல் புத்தகமொன்றில் கண்ட படத்தை நம்பி, நம் பெருவள்ளிக்கு உறவான ஒரு ராட்சதக் கிழங்கைத் தேடி வெராக்ரூஸுக்குப் போனார். அதைத் தேடிக்கொடுத்தவர் ஒரு சிறு கடைக்காரர். அதிலிருந்து ஹார்மோன் தயாரிக்க அவர் அணுகிய அமெரிக்க நிறுவனம் கைவிரிக்கவே, மெக்சிகோ நகரத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி ஹார்மோன் நிறுவனமொன்றைப் பிடித்தார். 1944-இல் சின்டெக்ஸ் பிறந்தது. கிழங்கிலிருந்து கிடைத்தது புரோஜெஸ்டிரோன். அதைக் கார்ட்டிசோனாக்க, ஓர் ஆக்சிஜன் அணுவைச் சரியான இடத்தில் பொருத்த வேண்டும். வேதியியலாளர்களைப் பாடாய்ப் படுத்திய அந்த வேலையை 1952-இல் அப்ஜான் நிறுவனம், ரொட்டியில் பூக்கும் பூஞ்சையின் இனமொன்றிடம் ஒப்படைத்தது. பூஞ்சை சுலபமாகச் செய்துவிட்டது. அப்ஜான் சின்டெக்ஸிடம் புரோஜெஸ்டிரோனை டன் கணக்கில் வாங்கியது. 1955-இல் ஷெரிங் நிறுவனம் பாக்டீரியாவின் உதவியால் இன்னும் வீரியமான பிரெட்னிசோனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மேயோ மருத்துவர்கள் 1950-லேயே தமனி அழற்சிக்குக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். இருண்ட கண் பெரும்பாலும் மீள்வதில்லை. மறு கண் தப்புகிறது. அதனால்தான் தமனித் துண்டின் சோதனை முடிவுக்குக் காத்திராமல் இன்று உடனே ஸ்டீராய்டைத் தொடங்குகிறார்கள். வயதானவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடையில் வலி, சட்டென்று வந்துபோகும் மங்கல் என்றால் மறுநாள் வரை பொறுக்கவே கூடாது.

ஸ்டீராய்டை மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு பலவீனமாகும், சர்க்கரை ஏறும். ஜப்பானின் ஒசாகாவில் டடாமிட்சு கிஷிமோட்டோவின் ஆய்விலிருந்து வந்த டோசிலிசுமாப் என்ற மருந்து, 2017-இல் இந்நோய்க்கு அமெரிக்க அனுமதி பெற்றது. அதன் துணையோடு ஸ்டீராய்டை விரைவாகக் குறைத்துவிடலாம். ஆனால் பார்வைக்கு ஆபத்து என்று வந்தவருக்கு முதல் நாள் கொடுப்பது இன்றும் ஸ்டீராய்டுதான்.