குளிர் இணைவு

இரண்டு இலேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்வதே இணைவு. சூரியனின் மையத்தில் இது நடக்க ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம் வேண்டும். அந்தக் கணக்கில், கொச்சியின் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் வியர்த்துக் கொட்டும் மதியமும் ‘குளிர்’தான், அறை வெப்பநிலை என்பதே இங்கே பொருள்.

1956-இல் இயற்பியலாளர் அல்வாரெஸ் மியூவான் துகளின் துணையால் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைவதைக் கண்டபோதே பத்திரிகையில் ‘குளிர் இணைவு’ என்ற பெயர் வந்துவிட்டது. அது உண்மையான இயற்பியல். பெயர் கெட்டது 1989 மார்ச் 23-இல். கனநீரில் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) பல்லேடியம் மின்வாயை வைத்து மின்சாரம் செலுத்தினோம், உள்ளே போனதைவிட அதிக வெப்பம் வந்தது, அது இணைவுதான் என்று வேதியியலாளர்கள் ஃபிளைஷ்மனும் பான்சும் யூட்டாவில் ஆய்விதழுக்கு முன்பே நிருபர்களிடம் சொன்னார்கள். அவசரம்தான்.

டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குக் கனநீர் புதிதல்ல. பி.கே. அய்யங்கார் தலைமையில் பல குழுக்கள் உடனே இறங்கின. இணைவின் தடயங்களான நியூட்ரானும் டிரிட்டியமும் கிடைத்ததாக அறிவித்தன. ஆனால் உலகின் பெரும்பாலான ஆய்வகங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆதரவாளர்கள் பின்னர் ‘தாழாற்றல் அணுக்கரு வினை’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். 2011-இல் சென்னையில் இதற்கான சர்வதேச மாநாடும் நடந்தது. கூகுள் நிதியில் நடந்த ஆய்வு, சான்றில்லை என்று 2019-இல் முடித்தது. இதுவரை இதில் ஒரு விளக்கும் எரிந்ததில்லை.